ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளைக்குப் போட்டிக் காலத்தில் கை முறிந்தால்: பெற்றோரும் பயிற்சியாளரும் செய்ய வேண்டியவை

திருத்தணியில் தொடங்கி நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையை ஒட்டிய ஊர்களில், கையை ஊன்றி விழுந்த பிள்ளை வலி தாங்காமல் அழுதால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் சுளுக்கு என்பார்கள். வீக்கம் வடியாவிட்டால் புத்தூர்க் கட்டுக்கு அழைத்துப் போகலாம் என்பார்கள். இந்த எல்லைப் பகுதியில், தறி ஓடும் தமிழ் வீடுகளிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் பழக வரும் பிள்ளைகளின் பெற்றோருக்காகவும், அவர்களுக்குப் பயிற்சி தருபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். விழுந்த நிமிடத்திலிருந்து மறுபடி கைகளில் நிற்கும் நாள் வரை எடுக்க வேண்டிய முடிவுகள் பல. அவற்றில் ஒன்றைக்கூடப் போட்டித் தேதியைப் பார்த்து எடுக்கக் கூடாது என்பதே நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது.

விழுந்தவுடன்

பீம் என்ற ஒடுங்கிய உயரக் கட்டையிலிருந்தோ, பார் என்ற தொங்கும் கம்பியிலிருந்தோ விழுந்த பிள்ளையைப் பதறிப்போய்த் தூக்கி நிறுத்த வேண்டாம். கழுத்திலோ முதுகிலோ வலிக்கிறது என்றாலும், கை கால் மரத்துப்போனது என்றாலும், மேட் என்ற பயிற்சி மெத்தையிலேயே அசையாமல் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் ஆம்புலன்சுக்கு அதே எண்தான். அடி கையில் மட்டும் என்றால், வீக்கம் ஏறுவதற்கு முன்பே வளையல், மோதிரம், கம்பியைப் பிடிக்கக் கையில் மாட்டும் கிரிப் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கோயிலில் கட்டிய கயிறாக இருந்தாலும் தயங்காமல் வெட்டிவிடலாம். பிறகு, கை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே ஓர் அட்டையையோ மடித்த துண்டையோ அணையாக வைத்துத் தளர்வாகக் கட்டி, துப்பட்டாவால் கழுத்திலிருந்து தொங்கவிட வேண்டும். வளைந்து தெரிகிறதே என்று இழுத்து நேராக்க முயலக் கூடாது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், சுத்தமான துணியால் மூடி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பிள்ளை சோர்ந்திருக்கிறதே என்று சோடாவோ காபியோ வாங்கித் தருவது நம்மிடம் பழக்கமாக இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சேர்க்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருப்பதே பாதுகாப்பு என்பதால், மருத்துவர் பார்க்கும் வரை எதுவும் கொடுக்காமலிருப்பது நல்லது.

எல்லா முறிவும் வளைந்து, வீங்கி, கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதில்லை. போட்டி நெருங்கும் நாள்களில் பிள்ளைகள் வலியை மறைப்பார்கள். குழுவிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற அச்சமே காரணம். ஆகவே வலிக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், கையைக் கவனிக்க வேண்டும். மெத்தையிலிருந்து எழும்போது உள்ளங்கையை ஊன்றாமல் விரல்களை மடக்கிக் கைமுட்டியை ஊன்றும் பிள்ளை, தண்ணீர் பாட்டிலை வழக்கத்துக்கு மாறாக இடக்கையால் எடுக்கும் பிள்ளை, கையில் பொடி பூசும்போது ஒரு மணிக்கட்டை மட்டும் தேய்க்காமல் விடும் பிள்ளை ஆகியோரை அன்றைக்கே பயிற்சியிலிருந்து நிறுத்தி எக்ஸ்ரேவுக்கு அனுப்ப வேண்டும்.

சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாத காரணம்

வளரும் பிள்ளைகளின் நீள எலும்புகளில், முனைக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். மூட்டை இழுத்துப் பிடிக்கும் தசைநார்களைவிட அந்தத் தட்டு வலிமை குறைந்தது. அதனால் பெரியவர்களுக்குத் தசைநார் சுளுக்கோடு போகும் அதே விழுகை, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டு முறிவாக முடியலாம். முன்கையின் கட்டைவிரல் பக்கத்தில் இருக்கும் ஆர எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு மணிக்கட்டு முனையில் நடக்கிறது. அங்கே தட்டு சேதமாகி வளர்ச்சி நின்றுவிட்டால், பக்கத்து எலும்பு மட்டும் வளர்ந்துகொண்டே போய் மணிக்கட்டு சாய்ந்துவிடும்.

இந்த முறிவுகளில் சில முதல் எக்ஸ்ரேவில் தெரிவதில்லை. படத்தில் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும், மணிக்கட்டுக்குச் சற்று மேலே விரலால் அழுத்தினால் பிள்ளை துடிக்கிறது என்றால், முறிவு என்றே கருதிக் கையை அசையாமல் வைத்திருந்து, பத்துப் பதினான்கு நாள்களில் மறுபடி படம் எடுப்பதே முறை. கட்டைவிரலின் அடியில் உள்ள குழியில் வலி இருந்தாலும் இதே எச்சரிக்கை தேவை. அங்குள்ள சிறிய ஸ்கேஃபாய்டு எலும்பின் முறிவும் முதல் நாள் படத்தில் ஒளிந்துகொள்ளும்.

புத்தூர்க் கட்டைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தலைமுறைகளாக மக்கள் தேடிப் போகும் அந்த வைத்தியத்தின் மீதுள்ள நம்பிக்கையை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் வளர்ச்சித் தட்டு விலகியிருக்கிறதா, எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கையால் தடவி அறிய முடியாது. விலகியிருந்தால் முதல் சில நாள்களுக்குள் சேர்த்துவிட வேண்டும்; ஒரு வாரம் பத்து நாள் கழித்து இழுத்துச் சேர்க்க முயன்றால் அந்த முயற்சியே தட்டைக் கெடுத்துவிடக்கூடும். முழங்கைக்கு மேலே முறிவு ஏற்பட்டிருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. இரத்தக் குழாயும் நரம்பும் அங்கே எலும்பை ஒட்டியே ஓடுவதால், வீங்கிய கையில் இறுக்கிப் போட்ட கட்டு இரத்த ஓட்டத்தையே நிறுத்தி, விரல்களை நிரந்தரமாக முடக்கிவிடலாம். ஆகவே பிள்ளைகளுக்கு முதலில் எக்ஸ்ரே, அடுத்து எலும்பு மருத்துவர் என்ற வரிசையை மாற்ற வேண்டாம்.

எங்கே போவது என்பது ஊரைப் பொறுத்தது. வடக்கே திருப்பதியில் தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனை எலும்பு சிகிச்சைக்கென்றே இயங்குகிறது. மேற்கே வேலூரில் சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எல்லை ஊர்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் குடும்ப அட்டை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்தவை. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், சேர்ப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் உங்கள் அட்டையைக் காட்டி, அங்கே அது செல்லுமா என்று கேட்டுவிடுங்கள். ஒரு மாநிலத்தில் கட்டுப் போட்டு மறு மாநிலத்தில் தொடர்ந்து பார்க்கும் வீடுகளில், எக்ஸ்ரே படங்களும் மருத்துவரின் குறிப்புகளும் ஒரே பையில் இருக்க வேண்டும். பழைய படம் இல்லாமல் புதிய படத்தை மட்டும் பார்க்கும் மருத்துவரால் எலும்பு நகர்ந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது.

மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு: இந்தப் பிள்ளை கைகளில் நிற்பவள். மற்றப் பிள்ளைகளுக்கு மணிக்கட்டு எழுதவும் சாப்பிடவும் போதும். ஜிம்னாஸ்டுக்கு அது இன்னொரு கணுக்கால். பேக் ஹேண்ட்ஸ்பிரிங், அதாவது பின்னோக்கிப் பாய்ந்து கைகளை ஊன்றிப் புரண்டு எழுவதைச் செய்யும்போது உடல் எடையின் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விசை மணிக்கட்டில் இறங்குகிறது. இதைச் சொல்லாவிட்டால், கட்டைப் பிரித்த அன்றே 'இனி விளையாடலாம்' என்று மருத்துவர் சொல்லும் சொல்லுக்கு அவர் ஒரு பொருள் கொள்வார், பயிற்சியாளர் வேறொரு பொருள் கொள்வார். எந்த எலும்பு, வளர்ச்சித் தட்டில் பட்டிருக்கிறதா, அடுத்த படம் எப்போது, கையில் எடை தாங்க எப்போது அனுமதி என்ற நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாவுக்கட்டு இருக்கும் வாரங்கள்

முதல் இரண்டு மூன்று நாள்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டியவை. படுக்கும்போதும் கையைத் தலையணைகள் மீது இதயத்தைவிட உயரமாக வைத்து, விரல்களை மணிக்கு ஒருமுறையாவது மடக்கி நீட்டச் சொல்ல வேண்டும். கொடுத்த மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல்களை மெல்ல நீட்டிவிட்டால் அலறினாலோ, விரல் வெளுத்துச் சில்லிட்டாலோ, மதமதப்பு வந்தாலோ, நடுஇரவு என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கட்டுக்குள் அரிக்கிறது என்று ஈர்க்குச்சியோ ஸ்கேலோ விட்டுச் சொறிவதைத் தடுக்க வேண்டும். உள்ளே தோல் கிழிந்தால் சீழ் பிடிப்பது வெளியே தெரியாது.

மணிக்கட்டு முறிவுகளுக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரம் கட்டு இருக்கும். அந்த வாரங்களில் பிள்ளையை வீட்டிலேயே உட்கார வைத்துவிட வேண்டாம். ஆரம்ப வலி தணிந்து மருத்துவரும் சம்மதித்தால், வழக்கமான நேரத்துக்கே பயிற்சிக் கூடத்துக்கு வரட்டும். தரையில் கால்களை அகல விரித்து அமரும் ஸ்ப்ளிட், கால் தூக்கும் பயிற்சிகள், வயிற்றுத் தசைப் பயிற்சிகள், தரையில் வரைந்த கோட்டின் மீது பீமில் செய்யும் அசைவுகளின் வரிசையை நடந்து பார்ப்பது என்று செய்ய நிறைய இருக்கிறது. முறியாத கைக்குத் தொடர்ந்து வலுப் பயிற்சி கொடுத்தால், கட்டுக்குள் இருக்கும் கையின் வலு இழப்பும் ஓரளவு குறைகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த உண்மை. உயரத்தில் ஏறுவது, குதிப்பது, ஓடுவது மட்டும் கூடவே கூடாது. கட்டோடு மறுபடி விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

உணவுக்குத் தனி மருந்துக்கடை தேவையில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நம் பக்கத்து ராகிக் களியிலேயே, 100 கிராம் மாவுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கிடைத்துவிடுகிறது. அதோடு பால் அல்லது மோர், முட்டை, பருப்பு, கீரை, கொஞ்சம் வெயில் போதும். நான் கவலையோடு பார்ப்பது வேறொன்றை. பயிற்சி இல்லாத நாள்களில் எடை கூடிவிடுமே என்று சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லும் வழக்கம் இந்த விளையாட்டில் இருக்கிறது. எலும்பு கூடும் காலத்தில் அது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. போதிய உணவில்லாமல் கடுமையாகப் பழகும் பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் எலும்பு மெலிவதும் சேர்ந்தே வரும். பதினைந்து வயதாகியும் பூப்படையாமலிருந்தாலோ, சிறு விழுகைகளிலேயே மறுபடி மறுபடி எலும்பு முறிந்தாலோ, அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

கட்டைப் பிரித்த பிறகு

கட்டை வெட்டி எடுத்ததும் மெலிந்து, தோல் உரிந்து, மணிக்கட்டு மடங்காமல் இருக்கும் கையைப் பார்த்துப் பிள்ளை பயந்துபோகும், தாயும் பயப்படுவார். இது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். விறைப்பைப் போக்க எண்ணெய் போட்டு நீவச் சொல்பவர்கள் இந்த நேரத்தில்தான் வீடு தேடி வருவார்கள். முழங்கைப் பக்கம் அழுத்தி நீவினாலும், பலவந்தமாக மடக்கி நீட்டினாலும், தசைக்குள்ளேயே எலும்பு படிந்து மூட்டு நிரந்தரமாக இறுகிப்போகக்கூடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்துப் பிள்ளையே தன் முயற்சியால் அசைப்பதும், ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிகளும் போதும்.

எடை தாங்குவதைப் படிப்படியாகவே கொண்டுவர வேண்டும். மணிக்கட்டு இரு பக்கமும் ஒரே அளவு மடங்கி, பிடியின் வலு மற்றக் கைக்கு ஏறக்குறைய இணையாக வந்த பிறகு, சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவதில் தொடங்கலாம். அடுத்து மேசை விளிம்பு, பிறகு தரையில் முழங்கால் ஊன்றியபடி, அதன் பிறகு கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க். இவை வலியின்றி நடந்த பின்னரே, சுவரில் சாய்ந்து கைகளில் தலைகீழாக நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்ட். பக்கவாட்டில் சக்கரம்போல் சுழலும் கார்ட்வீல் அதற்கும் பிறகு. பேக் ஹேண்ட்ஸ்பிரிங், ஓடிவந்து மேடையில் கை ஊன்றித் தாண்டும் வால்ட் போன்று கை தரையில் அறையும் அசைவுகள் கடைசியில்தான் வர வேண்டும். ஒரு படியில் வலி வந்தாலோ, மறுநாள் காலையில் வீக்கம் தெரிந்தாலோ, முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்த பிள்ளைகளுக்கு முதல் சில மாதங்களில் அதே இடத்தில் மறுமுறிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்களுக்கு மருத்துவர் இன்னும் நீண்ட ஓய்வு சொல்லலாம்.

போட்டி என்ன ஆவது என்று கேட்பீர்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், எல்லாக் கருவிகளின் மதிப்பெண்ணையும் கூட்டித் தரும் ஆல்-ரவுண்ட் தங்கம் வென்ற அமெரிக்க ஜிம்னாஸ்ட் பால் ஹேம், 2008 மே மாதத்தில் பேரலல் பார் என்ற இணைக் கம்பிகளில் கை எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்து, பெய்ஜிங்குக்கான அணியிலும் இடம்பெற்றார். ஆயினும் கை ஒத்துழைக்காததால் ஜூலை இறுதியில் தாமே விலகிக்கொண்டார். வளர்ந்த உடலும் முழுநேர மருத்துவக் குழுவும் இருந்த அவருக்கே இரண்டு மாதம் போதவில்லை. நம் ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகர் 2017-இல் முழங்கால் தசைநாருக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2018 ஏப்ரலில் நடந்த காமன்வெல்த் போட்டியையும் தவறவிட்டார். அதே ஆண்டு ஜூலையில் துருக்கியின் மெர்சினில் நடந்த உலகச் சேலஞ்ச் கோப்பையில் வால்ட் தங்கம் வென்றார். பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓராண்டு போனால், பதினேழு வயதுக்குட்பட்டோர் பிரிவு காத்திருக்கிறது. குழுவில் பெயர் கொடுக்கும் கடைசி நாளன்று பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று பாருங்கள். கார்ட்வீல் கூட வரவில்லை என்றால் பெயரைக் கொடுக்காதீர்கள். சேர்க்காததற்குக் காரணத்தைப் பயிற்சியாளரே பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும், பலகையில் ஒட்டிய பட்டியலைப் பார்த்து அது தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது.

திரும்பி வந்த பிள்ளை விழுந்த அதே அசைவுக்கு முன்னால் தயங்கி நிற்கும். அதட்டினால் தயக்கம் கூடும். தடித்த மேட், தாழ்த்திய பீம், பக்கத்தில் ஆள் பிடிப்பு ஆகியவற்றோடு அந்த அசைவின் முதல் பாதியை மட்டும் பல நாள் செய்ய விடுங்கள்.

வளர்ச்சித் தட்டில் அடிபட்டிருந்தால், வலி முற்றிலும் போய்ப் பிள்ளை போட்டிகளில் இறங்கிவிட்ட பிறகும், ஆறாவது மாதத்திலும் ஓராண்டு முடிவிலும் இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து எக்ஸ்ரே எடுத்து, இரு பக்கமும் ஒரே நீளத்தில் வளர்கின்றனவா என்று மருத்துவரை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.