கௌரிக்கு இரண்டு கணக்கு: கடை மென்பொருளில் தமிழ்ப் பெயர்களுக்கு நேரும் தவறுகள்

கல்லூரி முடித்த கையோடு நெல்லை டவுண், பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தர இறங்கும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். திரை அழகாக இருக்கும், ஜிஎஸ்டி கணக்கு பிசகாது. தமிழ் நுழையும் இடத்தில் மட்டும், முன்னால் இறங்கியவர்கள் விழுந்த அதே குழியில் விழுகிறார்கள். நாங்களும் விழுந்து எழுந்த குழிதான். பேக்கப் எடு, பாஸ்வேர்டைக் கோடுக்குள் எழுதாதே என்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் பெயர், கடைசிப் பெயர்

படிவத்தில் இந்த இரண்டு பெட்டிகளையும் எடுத்துவிடுங்கள். தலைப்பெழுத்துக்கு ஒரு பெட்டி, பெயருக்கு ஒரு பெட்டி போதும். தலைப்பெழுத்தைக் கட்டாயமாக்காதீர்கள்.

பணத்தைத் தசமத்தில் வைப்பது

பைசாவாக, முழு எண்ணாக வையுங்கள்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

அதிக நஷ்டம் தருவது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த ஆள் இதையே செய்து கொண்டு வருகிறார்.

மேலப்பாளையம் பக்கம் ஒரு மளிகைக் கடை. பற்று நோட்டைக் கணினிக்கு மாற்றினார்கள். ஏற்கெனவே, யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்த வாடிக்கையாளர் பட்டியலை ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி உள்ளே ஏற்றியாயிற்று. அதில் ‘கெளரி’ என்று ஒரு அம்மா, பாக்கி 1,850 ரூபாய். பத்தாம் தேதி அந்த அம்மா பணத்தோடு வந்தார். கடைப் பையன் போன் விசைப்பலகையில் ‘கௌரி’ என்று தேடினான். கிடைக்கவில்லை. புதுக் கணக்கு திறந்து அதில் 1,850 வரவு வைத்தான். மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியல் அச்சானது. பழைய கணக்கில் 1,850 அப்படியே நின்றது. அண்ணாச்சி வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

“பத்தாம் தேதியே குடுத்துட்டேனே, அண்ணாச்சி. ஒங்க கையிலதான குடுத்தேன்? வாசல்ல ஆள நிறுத்திட்டீயளே!”

அடைத்த கடனை மறுபடி கேட்பது சின்ன விஷயம் இல்லை. அந்தத் தெருவில் கடையின் பெயர் போயிற்று. மென்பொருளில் எந்த எர்ரரும் வரவில்லை.

அந்த இரண்டு பெயரையும் மறுபடி பாருங்கள். ‘கௌரி’ என்பதில் க, ஔகாரக் குறி, ர, இகரக் குறி என்று நான்கு குறிகள். ‘கெளரி’ என்பதில் க, எகரக் குறி, ள, ர, இகரக் குறி என்று ஐந்து. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஔவையாரை ‘ஒளவையார்’ என்று அடிப்பதும் இதே கதை.

இப்படி ஐந்து வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ஒகரம், ஓகாரம்: ‘கொ’ என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் வைக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். இதை யூனிகோடின் சீராக்கும் முறையான என்எஃப்சியே (NFC) ஒன்றாக்கிவிடும்.

கெள, ஒள: இதை என்எஃப்சி தொடாது. யூனிகோடின் பார்வையில் இவை வேறு வேறு எழுத்துகள்.

காலுக்கு மேல் புள்ளி: தட்டச்சுப் பழக்கத்தில் ‘அவர்’ என்பதை ‘அவா்’ என்று காலைப் போட்டுப் புள்ளி வைத்து அடிப்பவர்கள் நிறைய. தமிழில் காலுக்கு மேல் புள்ளி வரவே வராது. ஆகவே அதைக் கண்ட இடத்தில் தயங்காமல் ‘ர்’ ஆக்கலாம்.

ஸ்ரீ: ‘ஸ’ வைத்தும் எழுதப்படுகிறது, 2005இல் யூனிகோடுக்குள் வந்த ‘ஶ’ வைத்தும் எழுதப்படுகிறது. ஸ்ரீவைகுண்டத்து முகவரிகளைத் தேடினால் பாதி வந்து பாதி வராமல் போவது இதனால்.

கண்ணுக்கே தெரியாத குறிகள்: ஒட்டி எடுத்த பெயர்களில் அகலமில்லாத இணைப்பான், பிரிப்பான், உடையாத இடைவெளி ஆகியவை ஒளிந்திருக்கும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். பெரும்பாலோர் முதல் வேலையாக என்எஃப்சி ஓட்டுகிறார்கள். அங்கேதான் சேர்மக்கனி மாட்டிக்கொள்கிறார். ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி பெயரை ஒட்டி நம் பக்கம் இந்தப் பெயர் உண்டு. ‘சேர்’ என்பதில் உள்ள ‘ர்’ காலும் புள்ளியுமாக அடிக்கப்பட்டிருந்தால், ஏகாரக் குறிக்கு அடுத்துக் கால் நிற்கும். என்எஃப்சி அந்த இரண்டையும் பிடித்து ஓகாரமாக்கிவிடும். ‘சோ்மக்கனி’ என்று சோவுக்கு மேல் புள்ளி வைத்த பிறவி ஒன்று பிறக்கும். ஆகவே:

1. முதலில் ‘கால் + புள்ளி’யை ‘ர்’ ஆக்குங்கள்.
2. ஏற்கெனவே ‘ஓகாரக் குறி + புள்ளி’ இருந்தால் அதை ‘ஏகாரக் குறி + ர்’ ஆக்குங்கள். ஒகரத்துக்கும் அப்படியே, எகரமாக.
3. இதன் பிறகு என்எஃப்சி.
4. கண்ணுக்குத் தெரியாத இணைப்பானையும் பிரிப்பானையும் நீக்கி, உடையாத இடைவெளியைச் சாதாரண இடைவெளியாக்கி, அடுத்தடுத்த இடைவெளிகளை ஒன்றாக்கி, முன்னும் பின்னும் வெட்டுங்கள்.

இது வரை செய்ததைத் தரவுத்தள அட்டவணையின் பெயர்ப் பத்தியிலேயே சேமிக்கலாம். ‘கெள’வை மட்டும் அங்கே தொடாதீர்கள். ‘எகரக் குறி + ள’ கண்ட இடமெல்லாம் ஔகாரமாக மாற்றினால் வெள்ளையம்மாள் என்ன ஆவார்? தெய்வானையின் பெயர் தப்பிக்கும், வெள்ளத்துரை தப்ப மாட்டார். அதற்குத் தனியாக ஒரு தேடல் பத்தி வையுங்கள். அதில் எதிர்த் திசையில் போங்கள்: ஔகாரக் குறியை ‘எகரக் குறி + ள’ ஆக்குங்கள், ‘ஔ’வை ‘ஒள’ ஆக்குங்கள், ‘ஶ்’ஐ ‘ஸ்’ ஆக்குங்கள். வெள்ளையம்மாளுக்கு ஒன்றும் ஆகாது, இரண்டு கௌரியும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். தேடும் சொல்லையும் இதே வழியில் அனுப்ப வேண்டும். அச்சுக்கும் திரைக்கும் பெயர்ப் பத்திதான் போக வேண்டும், தேடல் பத்தி போகக் கூடாது.

தேடல் பத்தி ஒத்துப்போனால் உடனே கணக்குகளை இணைத்துவிடாதீர்கள். ஒரே தெருவில் நான்கு இசக்கியம்மாள் இருக்கும் ஊர் இது. போன் எண்ணோடு பட்டியலைக் காட்டி, இணைப்பதை அண்ணாச்சி கையில் விடுங்கள்.

பெயரை வெட்டுவது

‘திருநெல்வேலி’ நம் கணக்கில் 6 எழுத்து. யூனிகோடு கணக்கில் 12 குறி. சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் 36 பைட். எந்த நீளத்தைச் சொல்கிறோம் என்று தெரியாமல் நீளம் பேசக் கூடாது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்கள் இரண்டும் வார்கார் (எழுத்துகளை வைக்கும்) பத்தியில் குறிகளை எண்ணும். ஆரக்கிள் வேறு மாதிரி சொல்லாவிட்டால் பைட்டை எண்ணும். அங்கே 30 என்று போட்டால் தமிழுக்குப் பத்துக் குறிதான் இடம்.

13 குறியுள்ள ‘பேச்சியம்மாள்’ என்பதை 12இல் வெட்டினால் ‘பேச்சியம்மாள’ என்று புள்ளி உதிர்ந்து நிற்கும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் எழுத்துக்கொத்தாக, அதாவது உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்தைவிட்டுப் பிரியாமல், வெட்டுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டர் இருக்கிறது. பைத்தானில் தனியாக நிறுவும் ரெகெக்ஸ் தொகுப்பில் அதற்கு வழி இருக்கிறது. பைத்தானோடு வரும் வழக்கமான தேடலில் ‘சொல் எழுத்து’ என்று கேட்டால் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே ஏற்காது. ‘தமிழ்’ என்ற சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக உடையும். “பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும்” என்று சொந்தப் பெயரையே தள்ளிவிடும் படிவங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

எஸ்எம்எஸ் நீளம்

ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160. தமிழ் ஒரு குறி கலந்தாலும் 70 ஆகிவிடும். 70ஐத் தாண்டினால் துண்டு ஒன்றுக்கு 67.

“வணக்கம். நீங்கள் சொன்ன அல்வா 2 கிலோ தயார். மாலை 6 மணிக்குள் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளவும்.”

விரல் விட்டு எண்ணினால் இடைவெளியோடு 60. ஒரே எஸ்எம்எஸ் என்று நினைப்போம். குறிக் கணக்கில் 92, அதாவது இரண்டு எஸ்எம்எஸ். ஆயிரம் பேருக்கு அனுப்பினால் இரண்டாயிரத்துக்குக் காசு. “அல்வா 2 கிலோ தயார். மாலை 6 மணிக்குள் வாங்கிக்கொள்ளவும்.” என்றால் 55. வணிக எஸ்எம்எஸ்களைப் பதியும் தளமான டிஎல்டியில் வார்ப்புருவைப் பதிவதற்கு முன்பே எண்ணிவிடுங்கள். பதிந்த பிறகு ஒரு சொல்லைக் குறைக்கவும் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும்.

பில் பிரிண்டர்

58 மி.மீ. தாள் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. வரியைப் படமாக வரைந்து அனுப்புங்கள், அகலம் 384 புள்ளி. பைத்தானில் படம் வரையும் பில்லோவை வைத்து வரைந்தால், எழுத்தைக் கோக்கும் ராக்கம் நூலகம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ‘நெல்லை’யின் கொம்பு நகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது பில்லோ தானாகவே புள்ளி தூவும். அதை நிறுத்துங்கள், மெய்ப்புள்ளிகள் அந்தத் தூவலில் காணாமல் போகும்.

அகர வரிசை

யூனிகோடு எண்ணை நம்பாதீர்கள். அதில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’. ஐசியூ (ICU) என்ற யூனிகோடு நூலகத்தின் தமிழ் வரிசையைப் போடுங்கள்.

கொடுப்பதற்கு முன்

கௌரி, கெளரி, ஔவையார், சேர்மக்கனி (இரண்டு விதமாக அடித்து), வெள்ளையம்மாள், பேச்சியம்மாள், ஸ்ரீவைகுண்டம். இவற்றை உள்ளே போட்டு, தேடி, அச்சடித்து, அந்தத் தாளைக் கடையில் கணினி தொடாத ஒருவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எந்தப் பெயரில் நிறுத்துகிறாரோ அங்கே வேலை பாக்கி இருக்கிறது.