பழநிக்கு நடக்கப் போகும் ஐம்பது வயதுத் தோழிகளுக்கு

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநிக்குச் சுமார் 160 கிலோமீட்டர். தைப்பூசத்துக்கு நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) காவடி போகும் வேகத்துக்கு நம் முட்டி ஒத்துழைக்காது. கூடப் படித்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, நாளைக்கு 20, 25 கிலோமீட்டர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஆகும், ஆகட்டும். அவசரமென்றால் பஸ் இருக்கிறது.

இரண்டு மாதம் முன்பே நடந்து பழகுங்கள். புது ஷூ வேண்டாம். சர்க்கரை இருப்பவள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, வேண்டுதலாக இருந்தாலும் சரி. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். மரத்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. ராத்திரி படுக்கும் முன் தோழி முன்னால் காலை நீட்டி, டார்ச் அடித்து விரலிடுக்கு வரை பார்க்கச் சொல்லுங்கள். நடக்க நடக்கச் சர்க்கரை இறங்கும். அதனால் மாத்திரை, இன்சுலின் அளவை டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொண்டு, குளுக்கோஸைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

இந்த வயதில் மாதவிலக்கு நாள் பார்த்து வருவதில்லை. எல்லார் பையிலும் நாப்கின் இருக்கட்டும். தீட்டு என்று ஒருத்தியைப் பாதி வழியில் பஸ் ஏற்றிவிடுவதா என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் ஏற்றுவதில்லை. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்காதீர்கள். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம் எது கண்ணில் பட்டாலும் போய்விட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம், பேச்சு. விடியும் முன் நாலு மணிக்குக் கிளம்புங்கள். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர், எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலது ஓரம். இருட்டில் முகம் தெரியாததால் வீட்டில் வராத பேச்சு தானாக வரும். ஒவ்வொரு டீக்கடையிலும் ஜோடியை மாற்றுங்கள். இல்லையென்றால் ஒருத்தியின் மாமியார் கதையே பழநி வரைக்கும் ஓடும். எங்களில் ஒருத்தி முதல் நாள் முழுக்க மகன் கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப் புடவையைப் பற்றியே பேசினாள். சிங்கம்புணரி தாண்டியதும், சாலையைப் பார்த்தபடியே, "வளவு வீட்டு நிலைக்கதவ வித்தாச்சுடி" என்றாள். பரம்பரை வீட்டின் வாசல் கதவு. புருஷன் கடன். பக்கத்தில் நடந்தவள், "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று மட்டும் கேட்டாள். அப்படித்தான் கேட்க வேண்டும். "அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பிப்பவளை அடுத்த வருஷம் கூப்பிடாதீர்கள்.

யோசனை சொல்வதென்றால் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு சொல்லுங்கள். பண உதவிக்கு வழியில் வாக்குக் கொடுக்கவே வேண்டாம். நடக்கும் உற்சாகத்தில் வாய் தாராளமாகச் சொல்லிவிடும்; ஊருக்குத் திரும்பி, வீட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசலாம். அழுகிறவளைச் சுற்றி நின்று தேற்றாதீர்கள். தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு நடையைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

மலையடிவாரத்தில் ஒருத்தியின் முட்டி தகராறு செய்தால், மலைமேல் ஏற்றிவிடும் இழுவை ரயில், விஞ்ச், இருக்கிறது. பூச நேரத்தில் வரிசை நீளம், அவளோடு இன்னொருத்தியும் நில்லுங்கள். திரும்பும் பஸ்ஸுக்கு ஒரு ஜோடி தளர்ந்த ரப்பர் செருப்பு எடுத்துப் போங்கள். வீங்கிய கால் ஷூவுக்குள் நுழையாது.