டெயில் ஃபினைத் தாண்டிப் பாருங்கள்: பழைய அமெரிக்கக் கார்களை ரசிப்பதில் நேரும் தவறுகள்

பழைய அமெரிக்கக் கார் என்றதும் பலருக்கு நினைவு வருவது ஒரே வண்டிதான்: 1959 காடிலாக். பின்னால் வானத்தைப் பார்த்து நிமிர்ந்த இரண்டு டெயில் ஃபின்கள் (வால் துடுப்புகள்), ஒவ்வொன்றிலும் ராக்கெட் நெருப்பு போல இரட்டைச் சிவப்பு விளக்கு. அதைப் பார்த்து வாயைப் பிளப்பதில் தப்பே இல்லை. ஆனால் பலருடைய ரசனை அந்த வாலோடு நின்றுவிடுகிறது. தவறுகளில் பெரியது அதுதான்.

1957 பிளைமவுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரைஸ்லர் நிறுவனத்தில் வடிவமைப்பாளர் வெர்ஜில் எக்ஸ்னரின் தலைமையில் உருவான வண்டி. அதன் துடுப்பு பின்னால் தனியாக ஒட்டவைத்த அலங்காரம் இல்லை. மொத்த உடம்பே முன்னால் தாழ்ந்து பின்னால் உயரும் ஆப்பு வடிவம். அந்த ஏற்றம் போய் முடியும் இடம்தான் துடுப்பு. கூரை மெல்லியது, கண்ணாடிப் பரப்பு பெரியது. முன் சஸ்பென்ஷனில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), 15 அங்குலச் சக்கரத்துக்குப் பதிலாக 14 அங்குலம். இவையெல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தரையோடு படிய வைத்தன. முகத்தில் ஒரு சின்னக் குறும்பும் உண்டு. நான்கு ஹெட்லைட் இருப்பது போலத் தெரியும். உண்மையில் ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். உள்பக்கம் இருப்பவை பார்க்கிங் விளக்குகள்.

‘திடீரென்று 1960 வந்துவிட்டது’ என்று விளம்பரம் செய்தார்கள். அது வெறும் ஜம்பம் இல்லை. இந்த வண்டிகளை 1956-லேயே பார்த்துவிட்ட, காடிலாக்கைத் தயாரிக்கும் போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்பாளர்கள் அரண்டுபோய், 1959-க்காக வரைந்து வைத்திருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார்கள். (அந்த அழகான 1957 கிரைஸ்லர் வண்டிகள் சீக்கிரமே துருப்பிடித்தன, மழையில் ஒழுகின என்பது வேறு கதை. அவசரமாகத் தயாரித்த வண்டிகள்.)

அடுத்த தவறு, எல்லாவற்றையும் ‘ஐம்பதுகளின் கார்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது. இந்தக் கார்களுக்கு வருடம்தான் ஜாதகம். ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் வகுத்த கொள்கையே, ஆண்டுக்கு ஆண்டு தோற்றத்தை மாற்றி, போன வருட வண்டி வைத்திருப்பவரை ஏங்க வைப்பதுதான். அந்த வேலையைச் செய்து காட்டியவர், 1927 முதல் அங்கே வடிவமைப்புப் பிரிவை நடத்திய ஹார்லி ஏர்ல். லாக்ஹீட் பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து மயங்கிய அவரது குழு, 1948 காடிலாக்கில் முதல் துடுப்பை வைத்தது. அது கைக்கு அடக்கமான ஒரு சின்னப் புடைப்பு, அவ்வளவுதான். எல்விஸ் பிரெஸ்லியின் புகழ்பெற்ற இளஞ்சிவப்புக் காடிலாக்கும் 1955 மாடல். பலர் கற்பனை செய்வது போல அதில் ராட்சத வால் கிடையாது. துடுப்பு 1959-ல் உச்சத்துக்குப் போனது, 1960-லேயே இறங்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடத்துக்கும் எதிர்க் கம்பெனிக்கும் சொன்ன பதில். வருடம் தெரியாமல் பார்த்தால் பாதி உரையாடல்தான் காதில் விழும்.

1959 விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. அந்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக், காடிலாக் ஐந்துக்கும் அடிப்படை உடல்கூடு ஒன்றே. முன் கதவுகள்கூடப் பொது. ஷெவர்லேயில் துடுப்பு பக்கவாட்டில் படுத்து, அதன் கீழே பூனைக்கண் விளக்கு. பியூக்கில் அது சாய்ந்து விரிகிறது. முன்னால் ஹெட்லைட்டும் அதே போலச் சாய்ந்திருக்கிறது. ஒரே எலும்புக்கூட்டுக்கு ஐந்து முகம் கொடுத்த சாமர்த்தியம், தனித்தனியாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

குரோம் அதிகம் என்றால் துணிச்சல் அதிகம் என்று நினைப்பதும் சரியில்லை. 1958 பியூக்கின் கிரில்லில் (முன்பக்கத்தில் காற்று நுழையும் தட்டி) 160 சின்னக் குரோம் சதுரங்கள். கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்கும். என் கணக்கில் அது துணிச்சல் இல்லை, தடுமாற்றம். 1955 ஷெவர்லே பெல் ஏரில் குரோம் குறைவு, இருப்பதும் வேலை செய்கிறது. பக்கவாட்டில் ஓடும் பட்டை இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் கோட்டை மூடுகிறது. கனமான உலோகப் பரப்பை இரண்டாக வெட்டி வண்டியைத் தாழ்வாகவும் நீளமாகவும் காட்டுகிறது. ஒரு குரோம் பட்டையைப் பார்த்தால், அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

துடுப்பு காற்றில் வண்டியை நிலையாக வைத்திருக்கும் என்று கிரைஸ்லர் சொன்னதை இன்றும் சிலர் அப்படியே ஒப்பிக்கிறார்கள். சாதாரண ஓட்டத்தில் அதனால் பெரிய பலன் ஒன்றுமில்லை. அதற்காக ‘வெட்டி ஆடம்பரம்’ என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஜெட் விமானம் பறக்கும் காலத்தில் வாழ்கிறோம் என்ற பூரிப்பை ஒரு குடும்பக் காரில் ஏற்றியதுதான் அதன் வேலை, அதை நன்றாகவே செய்தது.

அப்புறம், போட்டோவை மட்டும் நம்ப வேண்டாம். கிட்டத்தில் நின்று செல்போனில் எடுத்தால் மூக்கு வீங்கி, உடம்பு சுருங்கிப் போகும். 1959 காடிலாக்கின் நீளம் சுமார் 5.7 மீட்டர். ஏர்லின் குழு முழு அளவுக் களிமண் மாதிரிகளை வைத்து வேலை செய்தது. மிச்சிகனில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் டெக்னிக்கல் சென்டரில் மாதிரிகளை வெளியே வெயிலில் வைத்துப் பார்க்கத் தனி முற்றமே உண்டு. நேரில் பார்க்கக் கிடைத்தால் பத்துப் பதினைந்து அடி தள்ளிப் போங்கள், முன் மூலையிலிருந்து தொடங்கி மெதுவாகச் சுற்றி வாருங்கள். கியூபாவின் ஹவானா தெருவில் பார்த்தால் வண்ணத்தையும் எஞ்சினையும் ‘ஒரிஜினல்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கியூபா மீதான அமெரிக்க வர்த்தகத் தடைக்குப் பின் உதிரிபாகம் கிடைக்காமல், பல வண்டிகள் வேறு டீசல் எஞ்சினில்தான் ஓடுகின்றன.

கடைசியாக, துணிச்சல் என்றாலே துடுப்பு என்ற எண்ணம். துடுப்பு வருவதற்குப் பல வருடம் முன்பே, 1936-ல், கோர்டன் பியூரிக் வடிவமைத்த கோர்ட் 810 வந்துவிட்டது. ஏறி நிற்கும் பக்கப்படி இல்லை, வழக்கமான கிரில் இல்லை, மூக்கைச் சுற்றி ஓடும் கிடைக்கோடுகள் மட்டும். ஹெட்லைட்டைக் கையால் சுற்றி வெளியே கொண்டுவர வேண்டும். துடுப்பு ஓய்ந்தபின் எல்வுட் எங்கெல் வடிவமைத்த 1961 லிங்கன் காண்டினென்டல் வந்தது. வழுவழுப்பான தட்டைப் பக்கங்கள், மேல் விளிம்பில் ஓடும் ஒற்றைக் குரோம் கோடு, எதிர்ப்பக்கமாகத் திறக்கும் பின் கதவுகள். நீளமே அந்தஸ்து என்றிருந்த சந்தையில், முந்தைய ஆண்டின் லிங்கனைவிட ஓர் அடிக்கும் மேல் குட்டையாக வந்த வண்டி அது.