சாட்சி சொல்லப் போகும் வீட்டில் செய்யக் கூடாதவை

2012இல் வன்னியில், விசுவமடுப் பக்கம், சுவிசேஷம் சொல்ல வீடு சந்திக்கப் போயிருந்தோம். தகரக் கொட்டில். உள்ளே ஒரு பெடியனின் படம், மாலையில்லை, பொட்டில்லை. என்னோடு வந்த தம்பி அதைக் கவனிக்கவில்லை. "அம்மா, எல்லாம் தேவ சித்தம். மகன் இப்ப ஆண்டவரிட்ட இருப்பார்" என்று தொடங்கிவிட்டார். அந்த அம்மா பேசாமல் எழும்பி, நாங்கள் குடித்து முடிக்காத பிளேன்டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனவர்தான். திரும்பி வரவில்லை.

மாலை போடாத படமென்றால் பிள்ளை வருவான் என்று பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டமிருந்ததும் அந்த நம்பிக்கையில்தான். அந்த வீட்டில் அவனைச் செத்தவனாக்கியது நாங்கள்.

இழப்புக்குக் காரணம் சொல்லாதீர்கள். வேதத்தில், பிள்ளைகளை இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் தரையில் வாய் திறக்காமல் இருந்தார்கள், அதுவரை ஆறுதல். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கர்த்தரின் கோபத்துக்கு ஆளானார்கள். லாசருவை எழுப்பப் போவது தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். நாங்கள் மட்டும் ஏன் அழாமல் பிரசங்கத்துக்கு ஓடுகிறோம்?

இதோடு சேர்ந்ததுதான் எங்கள் சாட்சியும். "முள்ளிவாய்க்காலில செல்லுக்குள்ள (எறிகணைக்குள்ள) இருந்து கர்த்தர் என்னைக் காத்தார்" என்பது உண்மைதான், நன்றியோடு சொல்ல வேண்டியதுதான். ஆனால் முன்னால் இருப்பவர் அடுத்த பங்கரில் பிள்ளையைப் பறிகொடுத்தவராக இருக்கலாம். "அப்ப என்ர பிள்ளையை ஏன் காக்கேல்லை?" என்று அவர் வாய் விட்டுக் கேட்க மாட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதிலில்லை. இல்லையென்று சொல்லப் பழகியிருக்கிறேன். யோவான் 9இல் கண் திறக்கப்பட்டவன் தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னான்: குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன். அது போதும்.

உலருணவுப் பொதியோடு ஜெபக் கூட்ட அழைப்பை வைத்துக் கொடுக்காதீர்கள். போர் முடிந்தபோது அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்று மானம் களைத்த சனம் இது. அரிசியைக் கொடுத்தால் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வைகாசியில் கடல் தண்ணீரில் விளக்கெரிக்கும் வற்றாப்பளை அம்மனையோ, மடு மாதா கோயிலுக்கு நடந்து போகிறவர்களையோ பழித்து யாரும் கிறிஸ்துவை அறிந்ததில்லை. கேட்கிறவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லச் சொல்கிறது 1 பேதுரு 3:15. கேட்கும் வரை பொறுக்க வேண்டும்.

சபைகளுக்கும் ஒன்று. ஞானஸ்நானம் எடுத்து மூன்று மாதத்தில் ஒருவரிடம் மைக்கைக் கொடுத்து ஊழியத்துக்கு அனுப்புவது அவருக்கே கேடு. புதிதாய் வந்தவரைக் கண்காணியாக்கினால் (சபைத் தலைவராக்கினால்) இறுமாப்படைவார் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது இதைத்தான். ஒருவர் சொல்லச் சொல்ல, செல் விழுந்த இடத்துக்கும் அவருக்கும் இருந்த தூரம் கூட்டத்துக்குக் கூட்டம் குறைந்ததைக் கண்டிருக்கிறேன். அவரைத் தனியே கூப்பிட்டு அன்பாகத் திருத்த மூத்தவர் ஒருவரும் இருக்கவில்லை. வேதம் வாசிக்க, கோபத்தை அடக்க, வீட்டில் மனைவியோடு மரியாதையாகக் கதைக்க முதலில் பழகட்டும்.

அந்த வீட்டுக்குப் பிறகு நான் தனியே போனேன். ஜெபிக்கட்டுமா என்று கேட்கவில்லை. மகனுக்கு என்ன சாப்பாடு பிடிக்குமென்று கேட்டேன். "ஒடியல் கூழ்" என்றார் அம்மா. பொழுதுபடும் வரைக்கும் அவனைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தோம்.