கல் பட்டறையில் பழகிய இங்கிலீஷ்

ஆத்தங்குடியில் எங்களுக்குத் தரைக்குப் பதிக்கும் கல் (டைல்ஸ்) செய்யும் பட்டறை இருக்கிறது. மார்கழி, தையில் கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் இங்கேயும் எட்டிப் பார்ப்பார்கள். "ஏன் கண்ணாடி மேல் ஊற்றுகிறீர்கள்?" என்று ஒரு அம்மா இங்கிலீஷில் கேட்டார். கேள்வி புரிந்தது, பதில்தான் வாயில் வரவில்லை. "எஸ், கிளாஸ்" என்று சிரித்து வைத்தேன். பத்தாவது வரை இங்கிலீஷ் படித்தவள் நான்! அன்று ராத்திரியே போனும் கையுமாக உட்கார்ந்தேன்.

முதலில் உங்கள் வேலையைப் பத்து வரியில் தமிழில் எழுதுங்கள். நான் எழுதியது இப்படி: கண்ணாடி மேல் அச்சை வைக்கிறோம். சாயத்தை ஊற்றுகிறோம். அச்சை எடுத்துவிட்டுக் காய்ந்த சிமென்ட்டும் மணலும் தூவுகிறோம். அதன்மேல் ஈரக் கலவை. அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இறங்கிவிடும். இதை உங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் மாற்றுங்கள், தப்பாக இருந்தால் இருக்கட்டும். சந்தேகமான சொல்லைக் கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையப் பக்கத்தில் தேடினால் பக்கத்திலேயே ஒலிபெருக்கிப் படம் இருக்கும். தொட்டால் பிரிட்டன்காரர் ஒரு விதமாக, அமெரிக்கர் ஒரு விதமாகச் சொல்வார்கள். அச்சை இத்தனை வருஷமாக 'மவுல்டு' என்று சொல்லிவந்தேன். அது 'மோல்ட்'.

அடுத்தது என் சொந்த யோசனை. போன் விசைப்பலகையில் மைக் படம் இருக்கிறதல்லவா, மொழியை இங்கிலீஷுக்கு மாற்றி அதைத் தொட்டு உங்கள் வரிகளைப் பேசுங்கள். நாம் சொன்னது எப்படிக் காதில் விழுகிறதோ அப்படி அது எழுதிக் காட்டும். ஈரம் என்பதற்கு 'வெட்' என்றேன், போன் 'vet' என்று மாட்டு டாக்டரை எழுதியது! இரண்டும் வேறு ஒலி. ஈரத்துக்கு 'உ' சொல்வதுபோல் உதட்டைக் குவித்துத் தொடங்க வேண்டும், பல் உதட்டில் படக்கூடாது. டாக்டருக்கு மேல்பல் கீழுதட்டில் படும். மூன்று நாள் கண்ணாடி முன் நின்றேன். என் வீட்டுக்காரர், "யாருக்கு முத்தம்?" என்று கேட்டார்.

கேட்டுப் பழக பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சி நல்லது. இரண்டு பேர் பேசுவார்கள், தொடக்கத்தில் ஒரு கேள்வி, விடை கடைசியில். பேச்சின் எழுத்து வடிவமும் கிடைக்கும். முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், அடுத்து பார்த்துக்கொண்டு, மூன்றாவது தடவை கூடவே பேசுங்கள். புது நிகழ்ச்சிக்கு ஓடாதீர்கள், ஒன்றையே ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

இது கஷ்டமாக இருந்தால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்துக்குப் போங்கள். குழந்தைக் கதைகள்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே கதை தமிழிலும் இங்கிலீஷிலும் கிடைக்கும். தமிழில் படித்துவிட்டு இங்கிலீஷை வாய்விட்டுப் படியுங்கள், மனசுக்குள் படித்தால் வாய் பழகாது. பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷ் இணையதளத்தில் நம் நிலையைப் பார்க்கச் சின்னத் தேர்வு உண்டு.

இத்தனைக்கும் காசு இல்லை. 'ஏழு நாள் இலவசம்' என்று கார்டு எண் கேட்கும் ஆப் பக்கம் மட்டும் போகாதீர்கள். எட்டாம் நாள் என் கணக்கில் பணம் போனது, ஒரு நாள் கூலி.

போன தையில் வந்த ஒருவர் அதே கண்ணாடிக் கேள்வியைக் கேட்டார். பத்து வரியையும் சொன்னேன். 'வெட்' சொல்லும்போது மட்டும் தொட்டிப் பக்கமும் கை காட்டினேன், எதற்கும் இருக்கட்டும் என்று.