உங்கள் விலாசத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி?

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற நம் பிள்ளைகள் பாரம் நிரப்பும்போது ‘சர்நேம்’ கட்டத்துக்கு வந்ததும் எனக்குப் போன் போடுவார்கள். “ஆச்சி, நமக்குக் குடும்பப் பெயர்னு ஒன்னு இருக்கா?” இருக்கிறது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் அதற்கு விலாசம் என்று பெயர். பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கிற எழுத்துகள்தான் அது. ‘செட்டியார்’ எல்லோருக்கும் பொது. அதை வைத்து இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாது. விலாசத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

படிப்பது பெயரிலிருந்து பின்னோக்கி. பெயரை ஒட்டிய எழுத்து அப்பச்சி, அதாவது அப்பா; அதற்கு முந்தியது ஐயா, அதாவது தாத்தா; அதற்கும் முந்தியது ஐயாவின் அப்பச்சி. சேப்பாக்கம் மைதானத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: எம்.ஏ. சிதம்பரம். ‘ஏ’ அவருடைய அப்பச்சி அண்ணாமலை அரசர், ‘எம்’ ஐயா முத்தையா செட்டியார். சிதம்பரத்தின் அண்ணன் பெயரும் முத்தையாதான். அந்த முத்தையாவின் மகன் எம்.ஏ.எம். ராமசாமி. அவர் விலாசத்தைப் பின்னோக்கிப் படித்தால் முத்தையா, அண்ணாமலை, மறுபடியும் முத்தையா.

இப்படித் திரும்பி வருவதற்குக் காரணம் உண்டு. மூத்த மகனுக்கு அப்பச்சியைப் பெற்ற ஐயா பெயர், அடுத்தவனுக்கு ஆத்தாளைப் பெற்ற ஐயா பெயர் என்பது நம் வழக்கம். தலைப்பிள்ளை வழியில் ஒரே இரண்டு பெயர்கள் மாறி மாறி வரும். நடுவில் ஓர் எழுத்து விளங்காவிட்டால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பிடிபடும். இளைய மகன் வழி என்றால் இது ஒத்துவராது, பெயர் தாய்வழியிலிருந்து வந்திருக்கும்.

அப்புறம், இங்கிலீஷ் எழுத்துகளை எண்ணி ஆளை எண்ணாதீர்கள். ‘ஆர்எம்’ என்றால் ராமநாதனோ ராமசாமியோ, ஒரே ஆள். ‘ஏஎல்’ அழகப்பன், ‘சிடி’ சிதம்பரம். ஏ.வி.எம். ஸ்டூடியோவை உண்டாக்கிய மெய்யப்ப செட்டியாரின் ‘ஏ.வி.’ இரண்டும் சேர்ந்து அவர் அப்பச்சி அவிச்சி செட்டியார் ஒருவரைத்தான் குறிக்கும். தமிழில் ராம., அழ., சித., கரு., பெரி. என்று எழுதிவந்த வரைக்கும் இந்தக் குழப்பமே இல்லை. நம்மவர்கள் அந்த வழக்கத்தை விட்டது எனக்குப் பெரிய வருத்தம்.

பெண் வழிதான் கடினம். கல்யாணமானதும் ஆச்சிமாருக்குப் புருஷன் வீட்டு எழுத்து வந்துவிடும், பிறந்த வீட்டு விலாசம் பேச்சிலிருந்து போய்விடும். அதைத் தேட முதலில் சாமான் அறையைத் திறங்கள். சீராக வந்த அண்டா, தாம்பாளம், தூக்குச்சட்டி எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருப்பார்கள். என் ஆயாளின் (அம்மாவைப் பெற்றவர்) பித்தளைத் தாம்பாளத்தில் எழுத்து தேய்ந்து வெறும் கீறலாகத்தான் தெரிந்தது. கொஞ்சம் திருநீற்றை அழுத்தித் தேய்த்து மேலாகத் துடைத்தேன். வெட்டிய புள்ளிகளுக்குள் வெள்ளை தங்கி, ‘பழ.அரு.ராம. உமையாள்’ என்று பளிச்சென வந்தது. ஆயாளைப் பெற்ற ஐயா, அவருடைய அப்பச்சி, அவருக்கும் அப்பச்சி என்று மூன்று தலைமுறை ஒரு தட்டில்!

அடுத்தது மொய் நோட்டும் இசைகுடிமானமும். கல்யாணத்தன்று எழுதுகிற திருமணப் பத்திரம்தான் இசைகுடிமானம், அதில் இரண்டு வீட்டு விவரமும் இருக்கும். பர்மா, மலேயாவில் வட்டிக்கடை வைத்திருந்த வீடென்றால் பழைய கடிதக் கட்டையும் விடாதீர்கள். விலாசமே கடையின் பெயர். அண்ணன் தம்பி பாகம் பிரிந்து தனிக்கடை போட்டபோது புது எழுத்து சேர்ந்திருக்கும். எழுத்து எங்கே மாறுகிறதோ அந்த வருஷத்துக் கடிதத்தைக் கவனமாகப் படியுங்கள்.

வரிசை திடீரென்று வேறு வீட்டுக்குத் தாவினால் பிள்ளை கூட்டியிருக்கிறார்களா, அதாவது தத்து எடுத்திருக்கிறார்களா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். சுவீகாரம் போன பிள்ளைக்குப் பெயரே மாறும். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கண்ணதாசன், சுவீகாரம் போன வீட்டில் நாராயணன். அப்படிப்பட்ட இடத்தில் பெற்ற வழி, கூட்டிய வழி இரண்டையும் எழுதிவையுங்கள். ஒன்றை விட்டால் ஒரு ஆத்தாளை விட்டதாகும்.

ஒரே விலாசம் இரண்டு குடும்பத்துக்கு இருக்கலாம். அப்போது ஊரையும் கோயிலையும் சேர்த்துப் பாருங்கள். நகரத்தார் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு நகரக் கோயிலைச் சேர்ந்தது; இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று அவை ஒன்பது. கோயில் வேறு என்றால் பெரும்பாலும் அவர்கள் நமக்குப் பங்காளி இல்லை; பிள்ளையார்பட்டியும் இரணியூரும் மட்டும் அண்ணன் தம்பி முறை. இளையாத்தங்குடிக்காரர்களும் மாத்தூர்க்காரர்களும் உட்பிரிவையும் கேட்டுக்கொள்ள வேண்டும், அதற்குள்தான் பங்காளி முறை.

சரி, அந்தப் பாரம்? சர்நேம் கட்டத்தில் அப்பச்சி பெயரை முழுசாக எழுதுங்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். ‘ஆர்எம்’ என்பதை நடுவில் புள்ளி வைத்து இரண்டாக உடைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.