ராணுவ அதிகாரி எம்.பி. ஆக வேண்டும் என்றால்: எப்போது விலகுவது, எதில் உஷாராக இருப்பது

முப்படைகளில் ஏதாவது ஒன்றில் அதிகாரியாக இருந்துகொண்டு, என்றாவது ஒருநாள் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தோளில் எத்தனை நட்சத்திரம் இருந்தது என்பது கட்சியில் சீட்டு வாங்க உதவும், ஆனால் ஓட்டு வாங்கித் தருவது தொகுதியில் நீங்கள் செலவழித்த வருடங்கள்தான். இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1971ல் பம்பாய் வடகிழக்குத் தொகுதியில் நின்று தோற்றுப்போனார், அவரைவிடப் பெரிய பெயர் யாருக்கு இருக்கும்?

அதனால் முதல் முடிவு, எந்த வயதில் வெளியே வருவது என்பது. ராஜேஷ் பைலட் விமானப் படையில் ஸ்குவாட்ரன் லீடராக இருந்தபோதே 1979ல் விலகி, 1980 தேர்தலில் ராஜஸ்தானின் பரத்பூரில் ஜெயித்தார். ஜஸ்வந்த் சிங் அறுபதுகளில் மேஜராக இருக்கும்போதே ராஜினாமா செய்தவர், 1980ல்தான் மாநிலங்களவைக்குப் போனார், பிறகு வெளியுறவு, நிதி, பாதுகாப்பு என்று மூன்று பெரிய துறைகளையும் பார்த்தார். சீக்கிரம் வந்தவர்களுக்கு அரசியலைக் கற்றுக்கொள்ள காலம் கிடைத்தது. வி.கே. சிங் மாதிரி தலைமைத் தளபதியாகவே 2012ல் ஓய்வு பெற்று 2014ல் காசியாபாத்தில் ஜெயித்தவர்களும் உண்டு, ஆனால் அந்த வழி எத்தனை பேருக்குத் திறக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் அதிகாரியாகச் சேரும் ஷார்ட் சர்வீஸில் இருந்தால் 10 வருடம், நீட்டித்தால் 14 வருடம், வெளியே வரும்போது நாற்பதைத் தொட்டிருக்க மாட்டீர்கள். ஓய்வூதியம் இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஓய்வு வயதுவரை இருக்கக்கூடிய நிரந்தரக் கமிஷன் என்றால் ஓய்வூதியத்துக்கு 20 வருட சர்வீஸ் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

யூனிஃபார்ம் இருக்கும்வரை அரசியல் பக்கமே போகாதீர்கள். 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 20வது விதி இதற்காகவே இருக்கிறது. ஓட்டுப் போடலாம், அவ்வளவுதான். கட்சிக் கூட்டத்துக்குப் போவது, தேர்தல் வேலை பார்ப்பது எல்லாம் கூடாது. லீவில் ஊருக்கு வந்தபோது கட்சி மேடையில் ஐந்து நிமிடம் நின்றாலும் பின்னால் அது படமாக வந்து நிற்கும். ஊர்க்காரர்களின் நிலப் பிரச்சினை, முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதியச் சிக்கல், இவற்றை ஒரு அதிகாரியாகக் கேட்டுப் புரிந்துகொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை, அதைச் செய்யுங்கள்.

பணியில் இருப்பவர் தேர்தலில் நிற்க முடியாது, அரசமைப்பின் 102வது பிரிவு அதைத் தடுக்கிறது. ஓய்வுக்குப் பிறகு இத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, ஆனால் விடுவிப்பு முழுமையாக முடிந்திருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்தாயிற்று, மேலே போயிருக்கிறது என்பதெல்லாம் செல்லாது. வேட்புமனு பரிசீலனை நாளன்று உங்கள் நிலை என்ன என்றுதான் தேர்தல் நடத்தும் அலுவலர் பார்ப்பார். முன்கூட்டிய ஓய்வு கேட்டால் கோப்பு மேலே போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம், மறுக்கவும் படலாம், ஆகவே தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு எழுதிக் கொடுப்பது வேலைக்காகாது. ஒரு வருடத்துக்கு முன்பாவது கொடுங்கள்.

அப்புறம் வாக்காளர் பட்டியல். நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். பணியில் இருக்கும்போது உங்கள் பெயர் படைவீரர் வாக்காளர் பட்டியலில் இருக்கும். வெளியே வந்ததும் படிவம் 6 கொடுத்து நீங்கள் குடியிருக்கும் இடத்தில் சாதாரண வாக்காளராகப் பதிந்துகொள்ள வேண்டும். மக்களவைக்கு நிற்க நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருப்பது கட்டாயம், வயது 25 ஆகியிருக்க வேண்டும். மாநிலங்களவைக்கு 30.

மனுத்தாக்கலில் உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு முள் இருக்கிறது. படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரத்தில் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் கேட்பார்கள், அதோடு கடந்த 10 வருடங்களில் அரசுக் குடியிருப்பில் இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி எதிலும் பாக்கி இல்லை என்று சம்பந்தப்பட்ட அலுவலகங்களின் சான்றும் வேண்டும். ராணுவத்தில் இருந்தவருக்கு 10 வருடத்தில் நான்கைந்து ஊர், நான்கைந்து குவார்ட்டர்ஸ் இருக்கும். ஒவ்வொன்றையும் காலி செய்யும் அன்றே கையோடு சான்று வாங்கி ஒரே கோப்பில் போட்டு வையுங்கள், ஏழு வருடம் கழித்து எங்கோ வடகிழக்கில் இருந்த பழைய ஸ்டேஷனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மனுத்தாக்கல் வாரத்தில் நேரம் இருக்காது.

பணியிலிருந்து நீக்கப்பட்டவர் என்றால் இன்னும் கவனம் தேவை. எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் தேஜ் பகதூர் யாதவ், சாப்பாட்டின் தரம் பற்றி வீடியோ வெளியிட்டு 2017ல் நீக்கப்பட்டவர், 2019ல் வாரணாசியில் மனுப் போட்டார். ஊழலுக்காகவோ நாட்டுக்கு விசுவாசமில்லாத காரணத்துக்காகவோ நீக்கப்படவில்லை என்று தேர்தல் ஆணையத்தின் சான்று இணைக்கப்படவில்லை என்பதால் மனு தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றம்வரை போயும் 2020ல் அவருக்குச் சாதகமாக எதுவும் வரவில்லை. நீக்கப்பட்டு ஐந்து வருடம் ஆகாதவர்கள் இந்தச் சான்றை முன்பே வாங்கிவிட வேண்டும்.

மற்றபடி வழக்கமானவைதான்: டெபாசிட் 25,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்குப் பாதி. அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் முன்மொழிய ஒருவர் போதும், சுயேச்சைக்கு 10 பேர். பெரிய மாநிலங்களில் செலவு வரம்பு 95 லட்சம், அதற்குத் தனி வங்கிக் கணக்கு, முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும்.

பிரச்சாரத்தில் படையை இழுக்காதீர்கள். படைவீரர் படங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013லும் 2019லும் கட்சிகளுக்குச் சொல்லியிருக்கிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கூடவே இருந்து உயிர்விட்டவர்களின் பெயரை ஓட்டுக்கு விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, நீங்களும் செய்யக் கூடாது என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஜெயித்த பிறகு என்ன செய்வது என்பதற்கு ஒருவரைப் படியுங்கள் என்றால் நான் மேஜர் ஜெனரல் பி.சி. கந்தூரியைத்தான் சொல்வேன். ராணுவப் பொறியியல் பிரிவில் 1954ல் சேர்ந்தவர், ஓய்வுக்குப் பிறகு 1991ல் கர்வால் தொகுதியில் ஜெயித்தார், 1996ல் அதே தொகுதியில் தோற்றார், ஊரை விட்டுப் போகவில்லை, 1998ல் மறுபடி ஜெயித்தார். 2000ல் வாஜ்பாய் அவரிடம் சாலைத் துறையைக் கொடுத்தார். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலையின் பெரும்பகுதி வேலை நடந்த காலம் அது. ஓசூர், கிருஷ்ணகிரி, ராணிப்பேட்டை வழியாகச் சென்னைக்கு வருகிறவர்கள் அந்தத் திட்டத்தின் மேல்தான் ஓட்டி வருகிறார்கள். பாலமும் சாலையும் போடுவது அவருடைய பழைய தொழில், அது அப்படியே இங்கே கைகொடுத்தது. உத்தராகண்ட் முதலமைச்சராகவும் இருந்தார், 2012 சட்டமன்றத் தேர்தலில் கட்சி அவர் பெயரை வைத்தே ஓட்டுக் கேட்டும் கோட்துவாரில் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகு 2014ல் திரும்பவும் எம்.பி.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதன் பின்பு செய்த வேலை. பாதுகாப்புத் துறையின் செலவையும் வேலையையும் ஆராயும் எம்.பி.க்கள் குழுவான நாடாளுமன்ற நிலைக்குழுவின் தலைவராக இருந்தபோது, 2018 மார்ச்சில் வந்த அறிக்கையில், ராணுவத்தின் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை, அதிநவீனமானவை வெறும் 8 சதவீதம் என்று துணைத் தளபதி சொன்னது அப்படியே பதிவானது. ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சிதான். அந்த செப்டம்பரிலேயே தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. ஒரு முன்னாள் அதிகாரி எம்.பி.யாக இருப்பதன் பயன் எனக்கு இதில்தான் தெரிகிறது.

ஆகவே பதவியேற்ற கையோடு அந்தக் குழுவில் இடம் கேளுங்கள். மொத்தம் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. ஒரு வருடம்தான் காலம், பெயரைக் கொடுப்பது கட்சி, அமைச்சராகிவிட்டால் இடம் கிடையாது. அவையில் பாதுகாப்புத் துறை பற்றிக் கேள்வி கேட்டால் பல விவரங்களை வெளியே சொல்ல முடியாது என்று பதில் வரும், குழுவில் அதே துறையின் செயலாளரும் தளபதிகளும் உங்கள் எதிரே உட்கார்ந்து பதில் சொல்வார்கள். கட்சிக் கொறடாவிடம் எழுத்தில் கொடுங்கள், கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் கொடுங்கள்.